மாதிரி நீராவி எஞ்சின் ஓட மறுக்கும்போது: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறிதல்

இங்கே சொல்லப்படுபவை 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும், பியூட்டேன் வாயுவால் சூடேறும், செம்புப் பாய்லரும் இரண்டு இரட்டைச்செயல் (பிஸ்டனின் இருபுறமும் நீராவி மாறி மாறித் தள்ளும்) சிலிண்டர்களும் கொண்ட சிறிய நீராவி எஞ்சின்களுக்குப் பொருந்தும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் திறக்கப்பட்ட மீட்டர் கேஜ் பாதையை 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ இதே அகலம்தான் கிடைக்கும் என்பதால், நம் பகுதி வண்டிகளைச் சிறிய அளவில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த அளவு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. திட எரிபொருளில் ஓடும், சிலிண்டரே ஆடி வழிதிறக்கும் பொம்மை எஞ்சின்களுக்கு வால்வு பற்றிய பகுதிகள் பொருந்தா. மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

எஞ்சின் ஓடவில்லை என்றதும் பலரும் திருப்புளியை எடுத்து, சிலிண்டருக்கு நீராவியை முறைவைத்து விடும் வால்வு இயக்கத்தைக் கழற்றத் தொடங்குகிறார்கள். அதுதான் கடைசியாகத் தொட வேண்டிய இடம். ஒருமுறை சரியாக அமைத்த வால்வு, அதன் திருகு தளராதவரை தானாக இடம் மாறுவதில்லை. எண்ணெய், தண்ணீர், வாயு, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஆகிய நான்கும் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறுபவை. பழுதும் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். எஞ்சினோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டவை. வாயுத் தொட்டியை வெதுவெதுப்பான நீரில் வைக்கச் சொல்லும் அறிவுரையை மே மாதத்துக் கடலூரில் அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்பதைப் பர்னரைப் பற்றிய பகுதியில் காணலாம்.

தீயைப் பற்றவைக்கும் முன்பே பாதிப் பழுதுகளைக் காற்றைக் கொண்டு கண்டுபிடித்துவிட முடியும். நீர் நிரப்பும் மூடி பொருந்தும் துளையின் மரைக்கு ஏற்பப் பித்தளையில் ஓர் அடைப்பானைக் கடைந்து, அதன் நடுவில் பழைய சைக்கிள் டியூபின் வால்வுத் தண்டைப் பற்றவைத்துத் தரும்படி ஒரு லேத் பட்டறையில் கேட்டால் செய்து கொடுப்பார்கள். தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைப் பக்கம் இத்தகைய சில்லறை வேலைக்கு முகம் சுளிக்காத டர்னர்கள் இருக்கிறார்கள். மரையின் அளவைச் சொல்லாமல் பழைய மூடியையே கையோடு எடுத்துச் செல்வது நல்லது, ஏனெனில் இவற்றில் பல நம் கடைகளில் புழங்காத மரைகள். சேஃப்டி வால்வு தன் இடத்திலேயே இருக்க வேண்டும். சேஃப்டி வால்வைக் கழற்றித்தான் நீர் நிரப்ப வேண்டும் என்ற அமைப்பாக இருந்தால், காற்றைப் பாய்லருக்குள் விடாமல் ரெகுலேட்டருக்கு (பாய்லரிலிருந்து சிலிண்டருக்குப் போகும் நீராவியைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டுக்கு) பிந்தைய நீராவிக் குழாயில் கொடுக்க வேண்டும். கைப்பம்பு தரும் 15 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 1 பார், சோதனைக்குப் போதும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது. அழுத்தப்பட்ட காற்று, வில்லைப் போல, தேக்கிய ஆற்றலை ஒரே நொடியில் விடுவிக்கும்.

கையால் தள்ளும்போதே சக்கரம் ஓரிடத்தில் இறுகுகிறது

எஞ்சினைக் கவிழ்த்து மென்துணி மேல் வைத்து, ரெகுலேட்டரை முழுவதும் திறந்துவிட்டு, ஓட்டுச் சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ரெகுலேட்டர் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றே எதிர்த்துத் தள்ளும். அதை இறுக்கம் என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. சுற்று முழுவதும் ஒரே சீரான கனம் தெரிந்தால் அது கிளாண்டுகளின் (தண்டு வெளிவரும் இடத்தில் நீராவி கசியாமல் அடைக்கும் பகுதிகளின்) இயல்பான உராய்வு. குறிப்பிட்ட இடத்தில் மட்டும் விரல் தடைபட்டால், அந்த இடம் எது என்பதை மார்க்கர் பேனாவால் சக்கரத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறிதான் பின்வரும் எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

சுற்றுக்கு ஒருமுறை மட்டும் இறுகினால், ஏதோ ஒன்று எதன் மீதோ இடிக்கிறது என்று கொள்ளலாம். கிராங்க் பின்னின் (சக்கரத்தில் ராடு மாட்டும் முளையின்) நட்டு கிராஸ்ஹெட்டில் (பிஸ்டன் ராடின் முனையைத் தாங்கி வழுக்கும் கட்டையில்) உரசுகிறதா, பிஸ்டன் சிலிண்டரின் முன்மூடியிலோ பின்மூடியிலோ முட்டுகிறதா, எக்ஸென்ட்ரிக்கின் (அச்சில் மையம் விலகிப் பொருந்தி வால்வை அசைக்கும் வட்டின்) பட்டை சட்டத்தைத் தொடுகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிஸ்டன் முட்டுவது காதுக்கும் கேட்கும். மிக மெல்லிய ஒரு 'டிக்' ஒலி. பிஸ்டன் ராடு கிராஸ்ஹெட்டில் மரையிட்டுப் பொருத்தப்பட்டிருந்தால், பூட்டு நட்டைத் தளர்த்தி அரைச் சுற்று உள்ளேயோ வெளியேயோ திருப்பினால் தீர்ந்துவிடும்.

சுற்றுக்குப் பலமுறை இறுகினால், சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் ராடுகளைச் சந்தேகிக்க வேண்டும். பிஸ்டனைச் சக்கரத்தோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளைக் கழற்றி, சிலிண்டரின் தொடர்பைத் துண்டித்துவிட்டு, கப்ளிங் ராடுகள் மட்டும் இருக்கும் நிலையில் மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். இப்போதும் இறுகினால் எங்கே இறுகுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். சக்கரத்தைக் கடிகார முகப்பாகக் கொண்டால், ஒரு பக்கத்துக் கிராங்க் பின் 3 மணியிலும் 9 மணியிலும் வரும்போது இறுகுமானால், அந்தப் பக்கத்துக் கப்ளிங் ராடின் துளைகளுக்கு இடையிலான தூரமும் அச்சுகளுக்கு இடையிலான தூரமும் ஒன்றாக இல்லை. அந்த நிலையில் ராடும் அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், நீளத்தில் உள்ள பிழையை வேறெதுவும் விட்டுக்கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. மாறாக, பின் 12, 3, 6, 9 மணி ஆகிய நான்கு முக்கிய நிலைகளுக்கும் இடையில், ஒன்றரை, நாலரை, ஏழரை, பத்தரை மணிகளை ஒட்டி இறுகுமானால் ராடுகளில் குறையில்லை. ஓர் அச்சின் இடது, வலது பின்களுக்கு இடையிலான கோணம் மற்றோர் அச்சினுடையதோடு ஒத்துப்போகவில்லை. ஏதோ ஒரு சக்கரம் அச்சில் வழுக்கித் திரும்பியிருக்கிறது.

இந்தக் கோணம் 90 டிகிரியாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தாலும் எஞ்சின் ஓடும். எல்லா அச்சுகளிலும் அது ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதுதான் விலக்க முடியாத நிபந்தனை. ஆகவே வழுக்கிய சக்கரத்தைச் சரிசெய்யும்போது கோணமானியைத் தேடுவதைவிட, வழுக்காத அச்சையே அளவுகோலாக வைத்துக்கொள்வது எளிது: அந்த அச்சோடு கப்ளிங் ராடுகளை மாட்டி, வழுக்கிய சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இறுக்கம் மறையும் இடத்தில் நிறுத்தி, கழற்றி, சக்கரத்தின் துளையில் ஒட்டுத் திரவத்தை இட்டு உலரவிட வேண்டும். ராடின் துளையை அரத்தால் தேய்த்துப் பெரிதாக்குவது எளிய வழியாகத் தோன்றும்; நீளப் பிழையாக இருந்தால் 0.1 மி.மீ. அளவுக்கு அது நியாயமும்கூட. கோணப் பிழைக்கு அதைச் செய்தால் எஞ்சின் ஓடும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ராடுகள் கடகடக்கும். சில மாதங்களில் பின்களும் தேய்ந்துவிடும்.

காற்றில் ஓடுகிறது, நீராவியில் அசையவில்லை

புதிதாக வாங்கியவர்களை மிகவும் குழப்பும் அறிகுறி இது. பெரும்பாலும் பழுதே அல்ல. குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழையும் முதல் நீராவி உடனே நீராகிவிடுகிறது. நீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டனுக்கும் மூடிக்கும் இடையில் சில துளிகள் அகப்பட்டாலும் எஞ்சின் கல்லாக நிற்கும். ரெகுலேட்டரை இன்னும் திறந்தால் ஓடிவிடும் என்று நினைத்துத் திறப்பவர்களால்தான் ராடுகள் வளைகின்றன. ரெகுலேட்டரைக் கால்வாசி மட்டும் திறந்து, தோல் கையுறை அணிந்து, எஞ்சினை முன்னும் பின்னும் அரைச் சுற்று அளவுக்கு மெதுவாக உருட்ட வேண்டும். புகைபோக்கி வெந்நீரையும் எண்ணெயையும் துப்பும். முகத்தை அதற்கு நேரே வைக்கக் கூடாது. துப்புவது நின்று வெண்ணீராவி மட்டும் வரத் தொடங்கியதும் எஞ்சின் தானாகப் புறப்படும்.

இங்கே ஸ்லைடு வால்வுக்கும் பிஸ்டன் வால்வுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. தட்டையான ஸ்லைடு வால்வு நீராவியின் அழுத்தத்தால்தான் தன் தளத்தோடு ஒட்டியிருக்கிறது; சிலிண்டருக்குள் நீர் அகப்பட்டால் அது சற்றே மேலெழும்பி நீரை வெளியேற வழிவிடும். உருளை வடிவப் பிஸ்டன் வால்வுக்கு அந்த நெகிழ்வு கிடையாது. எனவே பிஸ்டன் வால்வு எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கட்டாயப்படுத்தி உருட்டுவது ஆபத்து. சிலிண்டர் கைபொறுக்காத அளவுக்குச் சூடாகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

சூடான பிறகும் அசையவில்லை என்றால் ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டும். 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 140 டிகிரி. ஹைட்ராலிக் சாமான் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கறுப்பு ஓ-ரிங் நைட்ரைல் ரப்பரால் ஆனது. இந்த வெப்பத்தில் அது சில ஓட்டங்களிலேயே கடினமாகி வெடிப்பு விடும். ஈபிடிஎம் என்னும் ரப்பர் வகை நீராவியைத் தாங்கும், ஆனால் கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துச் சிலிண்டரை அடைத்துக்கொள்ளும். நம் சிலிண்டரில் எண்ணெய் எப்போதும் இருப்பதால் அது உதவாது. இரண்டையும் தாங்கும் ரப்பரை விட்டான் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். விலை பல மடங்கு. அளவு சிறியது என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

அடி சமமாக விழவில்லை

திருப்பாப்புலியூரிலும் கடலூர் துறைமுகச் சந்திப்பிலும் மீட்டர் கேஜ் நீராவி வண்டிகள் புறப்படும் ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சோதனையை விளக்கத் தேவையில்லை. இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு அடிகள் (வேலை முடிந்த நீராவி புகைபோக்கி வழியே வெளியேறும் ஒலிகள்), சம இடைவெளியில், சம வலுவில் விழ வேண்டும். தொடர்வண்டியைக் காதால் கேட்டே அதன் உடல்நிலையைச் சொன்ன ஓட்டுநர்கள் கவனித்ததும் இதைத்தான். மாதிரியில் இந்த ஒலி மெல்லியது என்பதால், காற்றில் மிக மெதுவாக ஓடவிட்டு, புகைபோக்கியின் வாயருகே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்தால், அது நான்கு முறை துடிப்பதைக் கண்ணால் எண்ணலாம்.

இரண்டு துடிப்பு மட்டும் தெரிந்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. அந்தப் பக்கத்து வால்வுத் தண்டு கழன்றிருக்கலாம், அல்லது எக்ஸென்ட்ரிக்கைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளர்ந்து அது அச்சில் தன்போக்கில் சுழலலாம். நான்கும் இருந்து, ஒரு சிலிண்டரின் முன்பக்க அடி வலுவாகவும் பின்பக்க அடி சோர்ந்தும் இருந்தால், வால்வு நடுநிலையில் இல்லை என்று பொருள். வால்வு இருக்கும் நீராவிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி, வால்வு இரு கோடிகளுக்கும் போகும்போது சிலிண்டருக்கு நீராவி போகும் இரு துவாரங்களும் ஒரே அளவு திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒருபுறம் முடி அகலமும் மறுபுறம் நகத் தடிப்பும் திறந்தால், வால்வுத் தண்டின் நட்டை அரைச் சுற்று திருப்பிச் சமப்படுத்தலாம். இரு கோடியிலும் திறப்பு சமமாக இருந்து, ஆனால் இரண்டும் பிஸ்டனுக்கு முந்தியோ பிந்தியோ நிகழ்ந்தால், பிழை தண்டின் நீளத்தில் இல்லை, எக்ஸென்ட்ரிக்கின் கோணத்தில் இருக்கிறது. நீளப் பிழை ஒருபக்கம் கெடுக்கும், கோணப் பிழை இருபக்கமும் கெடுக்கும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் நட்டையும் எக்ஸென்ட்ரிக்கையும் மாற்றி மாற்றித் திருப்பித் தவிக்க வேண்டியதில்லை.

வால்ஸ்கேர்ட்ஸ் எனப்படும் வால்வு இயக்கம் உள்ள எஞ்சின்களில், 1844இல் பெல்ஜியத்தின் எகிட் வால்ஸ்கேர்ட்ஸ் உருவாக்கிய அதே அமைப்பு சுருங்கிய வடிவில் இருக்கிறது. பல தண்டுகளும் பல பின்களும் சேர்ந்து இயங்குவதால், ஒவ்வொரு பின்னிலும் உள்ள சிறு தளர்வு கூடிக்கூடி வால்வில் பெரிய தளர்வாகத் தெரியும். நடுநிலையைச் சரிசெய்யும் முன் வால்வுத் தண்டைச் சாமணத்தால் பிடித்து முன்பின் அசைத்துப் பார்க்க வேண்டும். வெகுவாக அசைந்தால் முதலில் பின்களை மாற்றுவதே வேலை.

நிற்கும்போதே புகைபோக்கி வழியே நீராவி ஓடுகிறது

ரெகுலேட்டர் மூடியிருக்கும்போதும் ஓடினால் ரெகுலேட்டரே கசிகிறது. அதற்கு மேல் ஆராய வேண்டாம். திறந்து, சக்கரங்களை அசையாமல் பிடித்த நிலையில் ஓடினால், வால்வோ பிஸ்டனோ நீராவியைக் காக்கவில்லை. காற்றை இணைத்து, சக்கரத்தை அரைக்கால் சுற்றாக நகர்த்தி ஒவ்வொரு நிலையிலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். எல்லா நிலையிலும் ஏறத்தாழ ஒரே அளவு சீறினால் வால்வுத் தளத்தில் கீறல் அல்லது மணல் இருக்கும். சில நிலைகளில் மட்டும் சீறினால் பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும். வால்வுத் தளத்தைச் சரிசெய்யக் கண்ணாடித் துண்டின் மேல் 1000 எண் நீர் உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்ப்பதே நல்ல முறை. தேய்த்த பிறகு முகம் முழுவதும் ஒரே மங்கலான சாம்பல் நிறம் வர வேண்டும். நடுவில் பளபளப்பான தீவு ஒன்று தெரிந்தால் அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது.

பிஸ்டன் ராடு வெளிவரும் கிளாண்டில் கசிவு என்றால் கிளாண்டு நட்டை இறுக்கத் தோன்றும். விரலால் இறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரால் எட்டில் ஒரு சுற்று. அதோடு நிறுத்த வேண்டும். அதற்கும் நிற்கவில்லை என்றால் உள்ளே உள்ள அடைப்பு தேய்ந்துவிட்டது. குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை நூலாக முறுக்கி, ராடைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று வைத்து நட்டை மூடலாம்.

பர்னர் அலறுகிறது, அல்லது தீ தாவித் தாவி அணைகிறது

கையேடுகளை இங்கேதான் தலைகீழாகப் படிக்க வேண்டும். பியூட்டேனின் ஆவியழுத்தம் 20 டிகிரி வெப்பத்தில் வளிமண்டலத்துக்கு மேல் ஏறத்தாழ 1.1 பார், 38 டிகிரியில் அது 2.5 பாரை ஒட்டி ஏறிவிடுகிறது. ஐரோப்பியத் தோட்டத்தில் வால்வைப் பாதி திறந்து பெறும் தீயை நாம் கால்வாசிக்கும் குறைவாகத் திறந்தே பெற வேண்டும். வெயிலில் நின்ற எஞ்சினில் வாயுத் தொட்டி சூடேறி, ஜெட் (வாயு வெளிவரும் நுண்துளை முனை) வழியே வாயு வேகமாகப் பாய்ந்து, தீ பர்னரின் முகத்தைவிட்டு விலகி அலறும் அல்லது தானாக ஊதி அணைந்துவிடும். ஜெட் பழுதென்று நினைத்துக் கழற்றுவதற்கு முன், எஞ்சினை நிழலில் வைத்து, வாயுத் தொட்டியின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, பத்து நிமிடம் கழித்து மறுபடி முயல வேண்டும். சிறிய பியூட்டேன் டப்பாவிலிருந்து தொட்டிக்கு வாயு ஏறவில்லை என்ற புகாருக்கும் இதுவே மருந்து: டப்பாவைவிடத் தொட்டி குளிர்ந்திருந்தால்தான் திரவம் அந்தப் பக்கம் பாயும். டப்பாவைச் சூடாக்கலாமே என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து நிரப்புவதும் கூடாது. அதில் புரொப்பேனும் கலந்திருப்பதால் அழுத்தம் இத்தொட்டிகளுக்குப் பொருந்தாத அளவுக்கு உயரும்.

பிற்பகலில் மட்டும் தொல்லை என்றால் கடற்காற்றை நினைக்க வேண்டும். நண்பகலை ஒட்டிக் கரைக்குள் நுழையும் காற்று, தேவனாம்பட்டினத்திலும் புதுவைக் கடற்கரையை ஒட்டிய மாடிகளிலும் புகைபோக்கிக்குள்ளேயே திரும்பி ஊதும் அளவுக்கு வலுப்பெறுவது உண்டு. காலையில் ஓட்டுவதே சிறந்த பரிகாரம்.

தீ புகைபோக்கிக்கு அடியில் உள்ள புகைப்பெட்டியிலேயே எரிந்துகொண்டு, பாய்லருக்குள் உள்ள குழாய்க்குள் போக மறுத்தால், வாயுவைக் குறைக்க வேண்டும். 'பொப்' என்ற ஒலியோடு தீ பின்னால் தாவிப் பர்னரில் அமரும். நிழல், ஈரத்துணி எல்லாம் செய்தும் தீ மெலிந்தே இருந்தால் மட்டும் ஜெட்டைச் சந்தேகிக்கலாம். அதன் துளை 0.2 மி.மீ. அளவே, கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி ஜெட் வீணாகும். தின்னரில் ஊறவைத்து, வாயு பாயும் திசைக்கு எதிராக ஊதி வெளியேற்ற வேண்டும்.

தீ நன்றாக எரிகிறது, அழுத்தம் ஏறவில்லை

நீர் நிரம்பி வழியும்வரை ஊற்றப்பட்டிருந்தால் நீராவிக்கு இடமே இல்லை. நிரப்பியபின் சிரிஞ்சால் ஐந்தில் ஒரு பங்கை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அடுத்து, பிரஷர் கேஜ் பொய் சொல்லுகிறதா என்று பார்க்க வேண்டும்: முள் அசையாமல் இருந்தும் விசில் கூவினால் குறை கேஜில்தான்.

நீண்ட நாள் ஓடிய எஞ்சின் மெல்ல மெல்ல மந்தமானால் உப்புப் படிவம் காரணமாக இருக்கும். கடலோரக் குழாய்க் கிணற்று நீரைச் சிறிய பாய்லருக்குள் ஊற்றுவதை ஒருபோதும் ஆதரிக்க முடியாது. வீட்டு ஆர்.ஓ. நீர் அதைவிட மேல், எனினும் அதிலும் கரைந்த உப்பு மிஞ்சியிருக்கும். பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் ஏற்றது. பக்கத்திலேயே ஆசிட் பாட்டிலும் இருக்கும் என்பதால் லேபிளைப் படித்து வாங்க வேண்டும். ஏற்கெனவே படிந்ததைக் கரைக்க, மளிகைக் கடை எலுமிச்சை உப்பை இருபது பங்கு வெந்நீருக்கு ஒரு பங்காகக் கரைத்து, கேஜைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த பாய்லரில் சில மணிநேரம் நிறுத்தி வைக்கலாம். நுரை அடங்கியதும் கொட்டி, பலமுறை அலசி, அதன்பின் ஒருமுறை வெறும் நீரைக் கொதிக்கவைத்து வெளியேற்ற வேண்டும்.

பாய்லரின் இணைப்பிலேயே நீர் கசிந்தால் அது வேறு வகைச் செய்தி. ஏ.சி. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து ஒரு சொட்டு வைத்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. ஒரு மூலையில் படும் சூடு பக்கத்து இணைப்பை இளக்கும். ஈயப்பற்று பட்ட இடத்தில் வெள்ளிப்பற்று பிறகு ஒட்டாது. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ள கலங்களைக் கொதிகலன் சட்டம் தன் கணக்கில் கொள்வதில்லை. நம் பாய்லரைச் சோதிக்க எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை என்பதால் அந்தப் பொறுப்பு முழுவதும் வைத்திருப்பவரையே சேரும். பழுதுபார்த்த பின் குளிர்ந்த நீரை முழுக்க நிரப்பி, இயக்க அழுத்தத்தைப் போல் இரு மடங்கு கொடுத்துச் சோதித்த பிறகே தீ மூட்ட வேண்டும். சேஃப்டி வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொள்வதும் இதே வகைக் குற்றம்தான். சீக்கிரம் திறக்கிறது என்றால் அதன் இருக்கையைச் சுத்தம் செய்ய வேண்டும், ஸ்பிரிங்கைத் தொடக் கூடாது.

புகைபோக்கி ஓட்டம் முழுவதும் வெந்நீரைத் துப்புகிறது

தொடக்கத்தில் துப்புவது இயல்பு. ஓட்டத்தின் நடுவிலும் துப்பினால் பாய்லர் நீர் நுரைத்து நீராவியோடு சேர்ந்து வருகிறது. அளவுக்கு மீறிய நீர், அல்லது பாய்லருக்குள் புகுந்த எண்ணெயோ சோப்போ காரணம். கொட்டி அலசினால் சரியாகும்.

அதோடு, சிலிண்டருக்கு எண்ணெய் ஊட்டும் லூப்ரிகேட்டரையும் பார்ப்பது பயன் தரும். 1860இல் ஜான் ராம்ஸ்பாட்டம் கண்டுபிடித்த தத்துவமே இதிலும் இருக்கிறது: கிண்ணத்துக்குள் புகும் சிறிதளவு நீராவி நீராகி, கனத்தால் அடியில் தங்கி, எண்ணெயை மேலே தள்ளி நீராவிக் குழாய்க்குள் அனுப்புகிறது. ஓட்டம் முடிந்து திறந்தால் அடியில் நீரும் மேலே கொஞ்சம் எண்ணெயும் இருக்க வேண்டும். எண்ணெய் வைத்தபடியே இருந்தால் நுண்துளை அடைபட்டிருக்கிறது. ஒரு சொட்டும் மிஞ்சாமல் தீர்ந்து, தண்டவாளமெல்லாம் எண்ணெய் தெறித்துச் சக்கரம் வழுக்கினால் துளை பெரிது. ஐஎஸ்ஓ பாகுநிலை எண் 460 கொண்ட நீராவி சிலிண்டர் எண்ணெயே இதற்கு உரியது. வண்டி எஞ்சின் ஆயிலில் அழுக்கைக் கரைத்து ஏந்தும் கலவைகள் இருப்பதால், அது நீரோடு கலந்து வெண்ணெய் போன்ற கூழாகிக் குழாயை அடைக்கும்.

போன மாதம் ஓடியது, இப்போது எடுத்தால் ஓடவில்லை

கடலோர ஊர்களுக்கே உரிய அறிகுறி இது. முதலில் பர்னரின் காற்றுத் துளைகளையும் புகைபோக்கியையும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். குளவிக்குச் சிறு துளைகள் பிடிக்கும், திறந்து கிடந்த பர்னர் குழாய்க்குள் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டிவிடும். சிலந்தி நூல்கூட வாயுவும் காற்றும் கலக்கும் இடத்தில் போதிய தடையாகும்.

அடுத்து பிஸ்டன் ராடைத் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். சாதாரண எஃகாக இருந்தால் உப்புக் காற்றில் ஊசிமுனை அளவுக் குழிகள் விழுந்திருக்கும். அந்தக் குழிகள் ஒவ்வொரு வீச்சிலும் ஓ-ரிங்கைச் சுரண்டும். எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் கிளாண்டு கசிகிறது என்று நொந்துகொள்பவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான். அதே விட்டத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தண்டு வாங்கி ராடைப் புதிதாகச் செய்வது ஒரு மாலை வேலை. வால்வு தளத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பலவந்தம் வேண்டாம். நீராவிக் குழாயின் வாயில் நான்கு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் சக்கரத்தை விரலால் அசைத்தால் விட்டுக்கொடுக்கும். பிறகு அந்த மண்ணெண்ணெயைக் காற்றால் ஊதி வெளியேற்றிவிட்டு, சிலிண்டர் எண்ணெய் விட்ட பின்னரே தீ மூட்ட வேண்டும்.

எடுத்து வைக்கும்போது பாய்லர் வெதுவெதுப்பாக இருக்கையிலேயே அழுத்தம் முழுவதும் இறங்கியதை உறுதி செய்துகொண்டு நீரை வடித்து, மூடியைக் கழற்றிய நிலையில் உலரவிட்டு, ராடுகளிலும் சக்கர விளிம்புகளிலும் எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். பர்னரின் வாயையும் புகைபோக்கியையும் துணியால் அடைத்து வைத்து, அடுத்த முறை எடுக்கும்போது நினைவுக்கு வரும்படி அந்தத் துணியின் ஒரு முனையை வெளியே தொங்கவிடலாம்.